அப்டேட்டுக்குப் பிறகு தமிழ் எழுத்து கெட்டுப்போனால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கோத்தகிரி பஸ் நிலையத்திலிருந்து மேலே ஏறும் சாலையில் ஒரு சின்ன டிடிபி கடை நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, தேயிலைக் கொழுந்துக் கணக்குச் சீட்டு, ஹெத்தையம்மன் பண்டிகை நோட்டீஸ் என்று ஆண்டு முழுவதும் தமிழ் எழுத்தோடுதான் வேலை. நீலகிரிப் படுகர்கள் பேசும் படுகு மொழியையும் நாங்கள் தமிழ் எழுத்தில்தான் அச்சிடுகிறோம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதையொட்டி கணினியைப் புதுப்பித்தவர்கள் சுற்றுப்பட்ட ஹட்டிகளிலிருந்து (படுகர் ஊர்களிலிருந்து) சிபியூவையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு கடைக்கு வருகிறார்கள். எல்லோரும் சொல்வது ஒரே வார்த்தை: "அக்கா, எழுத்தெல்லாம் போய்விட்டது."

போகவில்லை. கோப்புக்குள் இருப்பவை வெறும் எண்கள். அந்த எண்ணுக்கு 'க' என்று உருக்கொடுத்துத் திரையில் வரைவது எழுத்துரு. அப்டேட்டில் கெடுவது பெரும்பாலும் அந்த உரு மட்டும்தான். எண்கள் வைத்த இடத்தில் அப்படியே இருக்கும். இது தெரியாமல் ஒரு தம்பி, கோயில் வரவுசெலவு நாற்பது பக்கத்தை இரண்டு இரவு உட்கார்ந்து திரும்பத் தட்டச்சு செய்திருந்தார். அவர் கோப்பைச் சரிசெய்ய எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவர் முகம் வாடியதைப் பார்த்த அன்றுதான் இதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

மெனுக்களின் பெயர்களைத் திரையில் ஆங்கிலத்தில் தெரிகிறபடியே உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன்.

முதலில் செய்ய வேண்டியவை

எழுத்து கெட்டுத் தெரியும் கோப்பைச் சேமிக்காதீர்கள். மூடும்போது 'சேமிக்கவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பிறகு கோப்பை ஒரு பென் டிரைவில் நகலெடுத்து, நகலில் மட்டும் கைவையுங்கள். இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தமிழ் இருந்த இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள் தெரியும்போது சேமித்துவிட்டால், கேள்விக்குறியே கோப்பில் பதிந்துவிடும். பழைய எண்கள் அழிந்துபோகும். எழுத்து நிஜமாகவே போவது இந்த ஓர் இடத்தில்தான். யூனிகோடு (எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் இன்றைய பொது முறை) தெரியாத பேஜ்மேக்கர் போன்ற பழைய மென்பொருளில் இன்றைய தமிழை ஒட்டினாலும், நோட்பேடில் 'ஆன்சி' என்ற முறையில் சேமித்தாலும் இதுதான் நடக்கும். அப்படி ஆகிவிட்டால் பழைய நகலைத் தேடுவதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்தது ஒரு சோதனை. கெட்டுத் தெரியும் பகுதியில் ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே நல்ல தமிழாகத் தெரிந்தால் உரை யூனிகோடு. கோளாறு மென்பொருளிலோ அதில் தேர்ந்தெடுத்த எழுத்துருவிலோ இருக்கிறது. ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தால் அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த உரை. நோட்பேடிலும் கட்டம் கட்டமாக இருந்தால் கோளாறு விண்டோஸிலேயே இருக்கிறது. என் கடையில் எந்த வேலையும் இந்த நோட்பேடு சோதனை இல்லாமல் தொடங்காது.

தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்

அதிகம் வருவதும் அதிகம் பயமுறுத்துவதும் இதுதான். 'தமிழ்' என்ற சொல் இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று தெரிந்தால் அது பாமினி. பாமினியில் ஜே விசைக்கு 'த' என்றும், கே விசைக்கு 'ம' என்றும், அரைப்புள்ளிக்கு மெய்யெழுத்தின் புள்ளி என்றும் படம் வரைந்து வைத்திருக்கிறார்கள். கணினிக்கு அது ஆங்கிலம். நம் கண்ணுக்குத் தமிழ். எழுத்துருக் கோப்பு காணாமல் போனால் கணினி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தைக் காட்டிவிடுகிறது.

குவியலில் சாதாரண ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாகத் தலையில் புள்ளியும் கொக்கியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் தெரிந்து, இடையே உள்ள ஆங்கிலச் சொற்கள் மட்டும் ஒழுங்காக இருந்தால் அது டாப் அல்லது டிஸ்கி வகை. அந்த முறைகளில் ஆங்கிலத்தை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, எண் பட்டியலின் மேல் பாதியில் தமிழை வைத்தார்கள். எந்த வகை என்று தெரிந்துகொள்ள எளிய வழி, கெட்ட பகுதியில் கர்சரை வைத்து எழுத்துருப் பெட்டியைப் பார்ப்பதுதான். எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் வேர்டு அதன் பெயரை மறக்காமல் வைத்திருக்கும். அந்தப் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அதுதான் தேட வேண்டிய கோப்பு.

தேட வேண்டிய இடம் பெரும்பாலும் உங்கள் கணினியிலேயே இருக்கிறது. வட்டை ஃபார்மேட் செய்யாமல் புது விண்டோஸை நிறுவியிருந்தால், சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்டு' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் விண்டோஸ், அதற்குள் ஃபான்ட்ஸ் என்று போனால் பழைய எழுத்துருக்கள் அங்கே இருக்கும். அங்கே இல்லையென்றால் அதே 'விண்டோஸ்.ஓல்டு'க்குள் யூசர்ஸ், உங்கள் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்ற வழியில் பாருங்கள். தாமதம் வேண்டாம். வழக்கமாகப் பத்து நாட்களில் அந்த ஃபோல்டரை விண்டோஸே அழித்துவிடும். அப்டேட் முடிந்ததும் முதல் வேலையாக அந்த ஃபான்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் போட்டுவிடச் சொல்கிறேன். ஒரு கடையின் இருபது ஆண்டு எழுத்துருச் சேகரிப்பு அதற்குள்தான் இருக்கும்.

கோப்பு கிடைத்ததும் இரண்டு முறை தட்டித் திறந்து 'இன்ஸ்டால்' அழுத்துவதுதான் எல்லோருக்கும் பழக்கம். அந்த இடத்தில்தான் இன்னொரு சிக்கல். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, அந்த 'இன்ஸ்டால்' எழுத்துருவை உங்கள் பயனர் கணக்குக்கு மட்டும் நிறுவுகிறது. பழைய டிசைன் மென்பொருள் பலவும் விண்டோஸின் பொது ஃபான்ட்ஸ் ஃபோல்டரை மட்டும்தான் பார்க்கும். வேர்டில் வருகிறது, டிசைன் மென்பொருளில் வரவில்லை என்று வருபவர்களில் பாதிப்பேருக்குக் காரணம் இதுதான். எழுத்துருக் கோப்பின் மேல் மவுஸின் வலப்பொத்தானை அழுத்தி 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 11-இல் அது கண்ணில் படாவிட்டால் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' அழுத்துங்கள். பிறகு மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். திறந்தபடி இருக்கும் மென்பொருள் புது எழுத்துருவைப் பல நேரம் கவனிக்காது.

பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை ஒரேயடியாகத் தீரும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் அதைச் செய்கின்றன. பாமினி உரையை மாற்றும்போது மட்டும் நடுவில் உள்ள ஆங்கிலச் சொற்களை விட்டுவிட்டுத் தமிழ்ப் பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். மொத்தமாகக் கொடுத்தால், கணக்குச் சீட்டில் உள்ள தொழிற்சாலையின் ஆங்கிலப் பெயரும் பொருளற்ற தமிழாக மாறிவிடும். கருவிக்கு இரண்டும் ஒரே விசைகள்தான்.

எல்லாம் சரி, வாக்கியத்தின் முதல் எழுத்து மட்டும் தப்பு

புது வேர்டு போட்ட பிறகு பாமினியில் அடிப்பவர்களுக்கு வரும் கோளாறு இது. ஒரு நோட்டீஸில் 'கடை திறப்பு விழா' என்று அடித்தது 'குடை திறப்பு விழா' என்று அச்சாகி, ஐந்நூறு தாளும் வீணாயின. காரணம் எழுத்துரு அல்ல. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றும் ஆங்கில வசதி வேர்டில் இருக்கிறது. பாமினியில் சின்ன எஃப் 'க', பெரிய எஃப் 'கு'. சின்ன ஜே 'த', பெரிய ஜே 'து'. அதனால் 'தலைவர்' 'துலைவர்' ஆகிறார். பழைய கணினியில் என்றோ இதை அணைத்துவைத்திருப்பீர்கள். புது நிறுவலில் அது மறுபடி இயங்குகிறது. வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், புரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் என்று போய் 'கேபிடலைஸ் ஃபர்ஸ்ட் லெட்டர் ஆஃப் சென்டென்சஸ்' என்ற குறியை எடுத்துவிடுங்கள். அட்டவணைக் கட்டங்களுக்கும் இப்படி ஒரு குறி அதே பெட்டியில் இருக்கிறது, அதையும் எடுங்கள். ஏற்கெனவே அடித்த கோப்பில் ஒவ்வொரு வாக்கியத்தின் தொடக்கத்தையும் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

எழுத்துருக் கோப்பு இருக்கிறது, பட்டியலில் வரவில்லை

கோப்பின் நீட்சி பிஎஃப்பி அல்லது பிஎஃப்எம் என்று இருக்கிறதா பாருங்கள். அவை டைப் 1 என்ற பழைய எழுத்துரு வகை. அடோபி தன் மென்பொருள்களில் 2023 ஜனவரியோடு அந்த வகையை நிறுத்திவிட்டது; லிப்ரே ஆபீஸ் 5.3 பதிப்பிலேயே கைவிட்டது. அதே எழுத்துருவின் டிடிஎஃப் வடிவத்தைத் தேடுங்கள்.

கட்டம் கட்டமாகத் தெரிகிறது. அல்லது தமிழ் தெரிகிறது, பக்கம் பெருகிவிட்டது

இரண்டுக்கும் வேர் ஒன்றே. விண்டோஸ் 2000 காலத்திலிருந்து விண்டோஸில் லதா என்ற தமிழ் எழுத்துரு கூடவே வந்தது. விண்டோஸ் 7-இல் விஜயா சேர்ந்தது. 8-இல் நிர்மலா யூஐ வந்தது. விண்டோஸ் 10-இல் நிர்மலாவை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு, லதாவையும் விஜயாவையும் விருப்பப் பட்டியலுக்குத் தள்ளிவிட்டார்கள். கணினியின் மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்தால் அவையும் கூடவே இறங்கும். ஆனால் நம் ஊர்க் கணினிகளில் பெரும்பாலும் ஆங்கிலம் மட்டுமே இருக்கும். எனவே வட்டைத் துடைத்துப் புது விண்டோஸ் போட்டதும் லதா இருக்காது.

வேர்டு சமாளித்து நிர்மலாவில் காட்டிவிடும். எழுத்துருப் பெட்டியில் லதா என்றே எழுதியிருக்கும், திரையில் இருப்பதோ நிர்மலா. இரண்டுக்கும் அகலமும் வரி உயரமும் வேறு. ஒரு பக்கத்தில் கச்சிதமாக அடங்கிய பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற கடைசி வரி மட்டும் இரண்டாம் பக்கத்துக்கு ஓடிவிடும். வேறு எழுத்துருவைத் தேடிச் சமாளிக்கத் தெரியாத மென்பொருள்கள் கட்டம் போட்டுவிடும்.

செட்டிங்ஸைத் திறந்து, அதன் தேடல் பெட்டியில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். பதிப்புக்குப் பதிப்பு அதன் இடத்தை மாற்றியிருக்கிறார்கள் என்பதால் தேடுவதே சுருக்கு வழி. அதில் சேர்க்கும் பொத்தானை அழுத்தி, பட்டியலில் 'தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' என்பதைக் குறியிட்டு நிறுவுங்கள். இதற்கு இணையம் வேண்டும். மழை நாளில் மலையில் இணைப்பு அறுந்து அறுந்து வரும்போது பாதியில் நிற்கலாம். மறுபடி முயன்றால் போதும். நிறுவியதும் கோப்பைத் திறந்தால் ஓடிப்போன கடைசி வரி முதல் பக்கத்துக்குத் திரும்பியிருக்கும்.

லதா வந்த பிறகும் எழுத்துருவையோ அளவையோ மாற்றினால் தமிழில் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், வேர்டின் எழுத்துருப் பெட்டியை முழுதாகத் திறந்து 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்ற தனிப் பகுதியைப் பாருங்கள். தமிழுக்கான எழுத்துருவும் அளவும் அங்கேதான் இருக்கின்றன. லிப்ரே ஆபீஸில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ் வழியாக மொழி அமைப்புக்குப் போய் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்பதைக் குறியிட்டால் அதே பகுதி தெரியும்.

ஸ்ரீ மட்டும் கட்டமாக இருக்கிறது

பத்திரிகை அடிப்பவர்கள் கவனிக்க வேண்டியது. 'ஸ்ரீ'யை இரண்டு விதமாக எழுத முடியும். ஒன்று 'ஸ' வைத்து. மற்றொன்று 'ஶ' என்ற எழுத்தை வைத்து. இந்த எழுத்து யூனிகோடில் 2005-இல் வந்த 4.1 பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்கு முன் செய்த எழுத்துருக்களில் அது இல்லை. வாடிக்கையாளர் போனிலிருந்து அனுப்பிய வாசகத்தில் புது வடிவம் இருந்து, நம் எழுத்துரு பழையதாக இருந்தால் அந்த இடத்தில் மட்டும் கட்டம் விழும், அல்லது எழுத்துகள் பிரிந்து நிற்கும். கோப்பு முழுவதும் தேடி, உங்கள் விசைப்பலகையில் அடித்த 'ஸ்ரீ'யாக மாற்றுங்கள். தெய்வத்தின் பெயருக்கு முன்னால் கட்டம் விழுந்த பத்திரிகையை யாரிடமும் கொடுக்க மனம் வராது.

கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றன

'கோ' என்பதில் கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் 'க'. ஆனால் யூனிகோடு கோப்பில் 'க' முதலில், குறி அதன் பின். அதைப் பிரித்துச் சரியான பக்கங்களில் நிறுத்துவது மென்பொருளின் வேலை. அந்த வேலை நடக்காதபோது 'கோத்தகிரி' சிதறிப்போகும், புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் இடையில் தோன்றும்.

நோட்பேடு சோதனை இங்கே துல்லியமாகப் பேசும். நோட்பேடில் சரியாக இருந்து போட்டோஷாப்பில் மட்டும் சிதறினால், அப்டேட்டில் உங்கள் பழைய அமைப்பு கலைந்திருக்கிறது. எடிட், பிரிஃபரன்சஸ், டைப் என்று போய் 'வேர்ல்டு-ரெடி லேஅவுட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய பதிப்புகளில் அதன் பெயர் 'மிடில் ஈஸ்டர்ன் அண்டு சவுத் ஏஷியன்'. ஏற்கெனவே உள்ள உரை அடுக்கு தானாகத் திருந்தாவிட்டால், அதைத் தேர்ந்தெடுத்து, பேரக்ராஃப் பலகையின் மூலை மெனுவில் 'வேர்ல்டு-ரெடி' என்று தொடங்குவதைக் கொடுங்கள். இன்டிசைனில் அதே மூலை மெனுவில் 'அடோபி வேர்ல்டு-ரெடி பேரக்ராஃப் கம்போசர்'. இல்லஸ்டிரேட்டரில் பிரிஃபரன்சஸில் டைப் பகுதியில் 'ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்'.

நோட்பேடிலும் புள்ளி வட்டம் தெரிந்தால் எழுத்துருவைத் திட்டிப் பயனில்லை. உரையே பிழையாக இருக்கிறது. பழைய எழுத்துருவிலிருந்து அரைகுறையாக மாற்றியதில் கொம்பு எழுத்துக்கு முன்னால் தங்கிவிட்டது. மூல உரையைத் தேடியெடுத்து, சரியான வகையைத் தேர்ந்தெடுத்து மறுபடி மாற்றுங்கள்.

எழுத்தின் தலையும் அடியும் வெட்டுப்படுகின்றன

'கீ'யின் சுழி மேலே அறுந்து, 'து'வின் வால் கீழே அறுந்து தெரிந்தால் வரி உயரம் போதவில்லை. வேர்டில் வரி இடைவெளி 'எக்ஸாக்ட்லி' என்று இருப்பதை 'அட் லீஸ்ட்' என்று மாற்றுங்கள். எக்ஸெலில் வரிசைகளைத் தேர்ந்தெடுத்து ஃபார்மேட்டில் 'ஆட்டோஃபிட் ரோ ஹைட்' கொடுங்கள்.

எழுத்து மங்கல், புள்ளி தெரியவில்லை

ஆங்கிலத்தில் எழுத்து கொஞ்சம் மங்கினாலும் படித்துவிடலாம். தமிழில் ஒரு புள்ளி மறைந்தால் சொல்லே வேறு: 'பட்டு' 'படடு' ஆகும், 'கல்' 'கல' ஆகும். கொழுந்துக் கணக்குச் சீட்டில் ஊர்ப்பெயர்களைச் சின்ன எழுத்தில் அடிக்கும்போது இது பெரிய தொல்லை.

முதலில் திரையின் அளவைப் பாருங்கள். செட்டிங்ஸில் டிஸ்பிளே பகுதியில், ரிசல்யூஷனுக்கு எதிரே 'ரெகமண்டட்' என்று இருக்க வேண்டும். அந்த அளவே பட்டியலில் இல்லையென்றால் அப்டேட் உங்கள் கிராஃபிக்ஸ் டிரைவரைக் கழற்றிவிட்டது. டிவைஸ் மேனேஜரில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்து சரியான டிரைவரை இறக்கி நிறுவுங்கள்.

அளவு சரியாக இருந்தால் ஸ்டார்ட் மெனுவில் 'கிளியர்டைப்' என்று ஆங்கிலத்தில் தேடி, வரும் பெட்டியில் உங்கள் கண்ணுக்குத் தெளிவான மாதிரிகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போங்கள். ஒரே ஒரு பழைய மென்பொருள் மட்டும் மங்கினால், அதன் ஐகானில் வலப்பொத்தான், பிராபர்ட்டீஸ், கம்பேட்டிபிலிட்டி, 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்' என்று போய், கீழே உள்ள ஓவர்ரைடு குறியை இட்டு 'அப்ளிகேஷன்' என்று வையுங்கள். மெனு எழுத்துகள் சிறிதாகலாம், உரை கூர்மையாகிவிடும்.

திரையில் சரி, தாளில் தவறு

பிரின்டர் தன் சொந்த எழுத்துருவை நடுவில் புகுத்துகிறது. பிடிஎஃப் கோப்பாக மாற்றி, அக்ரோபேட்டின் அச்சிடும் பெட்டியில் 'அட்வான்ஸ்டு' அழுத்தி 'பிரின்ட் ஆஸ் இமேஜ்' என்பதைக் குறியிட்டு அடியுங்கள். வேறு கடைக்குக் கோப்பை அனுப்பும்போது வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் பகுதியில் 'எம்பெட் ஃபான்ட்ஸ் இன் த ஃபைல்' என்பதையும் குறியிட்டுவிடுங்கள். சில எழுத்துருக்கள் இதற்கு அனுமதி தராது. அவற்றுக்குப் பிடிஎஃப்பே நல்லது.

எதிலும் அடங்காதவை

ஒரு சொல்லில் பாதி ஒரு எழுத்துருவிலும் பாதி வேறொன்றிலும் தெரிவது, மெனுக்களில் எழுத்தே இல்லாமல் வெறுமையாக இருப்பது, நேற்று தெரிந்தது இன்று கட்டமாவது போன்றவை வந்தால் எழுத்துருக் குறிப்பேடு கெட்டிருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு முறையும் எல்லா எழுத்துருக்களையும் படிக்காமல் இருக்க விண்டோஸ் ஒரு குறிப்பேடு எழுதி வைத்துக்கொள்கிறது. அப்டேட் நடுவில் மின்சாரம் போனால் அது அரைகுறையாக நின்றுவிடும். ஐப்பசி மழையில் மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்த நாட்களின் மறுநாள் இப்படிப்பட்ட கணினிகள்தான் கடைக்கு வருகின்றன.

ஸ்டார்ட் மெனுவில் 'சர்வீசஸ்' என்று தேடித் திறந்து, 'விண்டோஸ் ஃபான்ட் கேஷ் சர்வீஸ்' என்பதை நிறுத்துங்கள். சி டிரைவில் விண்டோஸ், சர்வீஸ்புரொஃபைல்ஸ், லோக்கல்சர்வீஸ், ஆப்டேட்டா, லோக்கல், ஃபான்ட்கேஷ் என்ற வழியில் போய், அந்தக் கடைசி ஃபோல்டருக்குள் இருக்கும் கோப்புகளை மட்டும் அழியுங்கள். இடையில் அனுமதி கேட்டால் கொடுங்கள். ஆப்டேட்டா கண்ணில் படாவிட்டால் வியூ மெனுவில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். அதன்பின் சர்வீஸை மறுபடி தொடங்கி, கணினியை அணைத்து ஏற்றுங்கள். முதல் முறை எழும்போது கொஞ்சம் மெதுவாக இருக்கும். குறிப்பேட்டைப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறது.

இதற்கும் மசியாவிட்டால் அப்டேட்டையே திரும்பப் பெறலாம். விண்டோஸ் அப்டேட்டில் 'அப்டேட் ஹிஸ்டரி', அதன் அடியில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்'. விண்டோஸ் பதிப்பே மாறியிருந்தால் ரிகவரி பகுதியில் 'கோ பேக்' என்ற பொத்தான் பத்து நாள் வரை இருக்கும். அதை அழுத்தும் முன் யூபிஎஸ் பேட்டரி நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகியே வையுங்கள்.

அவசரம் என்றால், மாலைக்குள் கண்ணீர் அஞ்சலி ஒட்டியாக வேண்டும் என்றால், இதையெல்லாம் செய்துகொண்டிருக்காதீர்கள். கோப்பின் நகலையும் எழுத்துருக் கோப்பையும் ஒரே பென் டிரைவில் போட்டு, அப்டேட் ஆகாத கணினி உள்ள அடுத்த கடைக்கு ஓடுங்கள். அங்கே அந்த எழுத்துருவை எல்லாப் பயனருக்குமாக நிறுவி, கோப்பைத் திறந்து, பெயரையும் தேதியையும் ஊரையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டுப் பிடிஎஃப் எடுத்து அடித்துவிடுங்கள். உங்கள் கணினியை மறுநாள் நிதானமாகப் பார்க்கலாம்.